பேசும் மரப்பாச்சியும் ஒரே நாளில் திருந்தும் அப்பாவும்

நூலகப் பாடவேளைக்குப் புத்தகம் எடுக்கப் போகும்போது ஆசிரியர் அறையில் இரண்டு கருத்துகள் அடிக்கடி காதில் விழும். "பேசுகிற பொம்மை, பறக்கிற பிள்ளை இதெல்லாம் எதற்கு? வாழ்க்கைக்கு உதவுகிற கதையாகக் கொடுங்கள்" என்பது ஒன்று. "வீட்டில் படுகிற பாடு போதாதா? கதையிலும் கஷ்டத்தையே படிக்க வேண்டுமா?" என்பது மற்றொன்று. முதல் கருத்து மாயக் கதைகளை ஒதுக்குகிறது. இரண்டாவது கருத்து சமகால வாழ்க்கைக் கதைகளை ஒதுக்குகிறது. இரண்டையும் கேட்டு நடந்தால் அலமாரியில் மிஞ்சுவது பொன்மொழித் தொகுப்புகளும் பொது அறிவு வினா விடைகளும்தான்.

நான் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் வகுப்பில் மலையூர்களிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகளும் உண்டு. கரும்பும் மரவள்ளியும் விளைகிற அடிவாரத்து ஊர்களின் பிள்ளைகளும் உண்டு. அண்மைக் காலத்தில் வந்த தமிழ்ப் புனைவுகளை முதலில் நான் படித்துவிட்டு, பொருத்தமானவற்றை வகுப்புக்குக் கொண்டு செல்வது சில ஆண்டுகளாக எனக்குப் பழக்கம். அந்த வாசிப்பிலிருந்து எனக்கு உருவான கருத்து இதுதான்: ஒரு கதை நடக்கக்கூடியதா, நடக்க முடியாததா என்பதை வைத்து அது பிள்ளைகளுக்கு உகந்ததா என்று முடிவு செய்ய இயலாது. கதையில் வரும் பிள்ளையின் சிக்கல் உண்மையானதா, அந்தச் சிக்கலுக்குக் கதை தருகிற முடிவு நேர்மையானதா என்றுதான் பார்க்க வேண்டும். நான்கு நூல்களைக் கொண்டு இதை விளக்கப் பார்க்கிறேன்.

மாயம் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது

நாற்பது வயதைக் கடந்த நமக்கு மாயக் கதை என்றாலே அம்புலிமாமா நினைவுக்கு வரும். 1947இல் தொடங்கிய அந்த இதழில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் மந்திரவாதிகளும் அரசகுமாரர்களும் உலவினார்கள். வாண்டுமாமாவின் கதைகளையும் அதே ஆர்வத்தோடு படித்தோம். அந்தக் கதைகள் பலவற்றில் மாயம் என்பது வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் நடப்பது. புத்தகத்தை மூடினால் மாயமும் மூடிக்கொள்ளும்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சிறார் இலக்கியத்துக்காக சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருதுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ ஆகியவை விருது பெற்றன. ஆறு ஆண்டுகளில் மூன்று முறை மாயம் கலந்த கதைக்கு விருது கிடைத்திருக்கிறது. முதல் இரண்டு நூல்களைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலில் ஒரு சிறுமிக்குப் பழைய மரப்பாச்சிப் பொம்மை ஒன்று கிடைக்கிறது. அது அவளோடு பேசுகிறது. கதையில் வரும் ஒரு பிள்ளைக்கு, பெரியவர் ஒருவரின் தவறான தொடுதலால் ஏற்பட்ட, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு துன்பம் இருக்கிறது. இதில் பொம்மை பேசுவது எதற்கு என்று கேட்டால், என் விடை இது: அந்தப் பிள்ளை மனிதர்கள் யாரிடமும் பேச முடியாத நிலையில் இருக்கிறாள். பொம்மையை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது விழிப்புணர்வுத் துண்டறிக்கை. துண்டறிக்கையை நாம் வாசித்துக் காட்டும்போது பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மரப்பாச்சி பேசும்போது நிமிர்ந்து கேட்கிறார்கள். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற கூச்சம் இல்லாமல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள இந்த மாயம் ஒரு திரையாக உதவுகிறது.

இந்நூலை வகுப்புக்குக் கொண்டு செல்பவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். வாசிப்பு முடிந்த சில நாள்களில் ஒரு பிள்ளை நம்மிடம் தனியாக வந்து ஏதாவது சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் தெரிவிப்பது நம் சட்டக் கடமை. நாமே விசாரித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட அங்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, நம் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டுப் பாடவேளையைத் தொடங்குவது நல்லது. பிள்ளையின் பெயர் ஆசிரியர் அறைப் பேச்சில் அடிபடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

‘ஆதனின் பொம்மை’ வேறு வகை. கீழடிக்கு வருகிற இன்றைய சிறுவன் ஒருவன், பழங்காலத்துக் கீழடியில் வாழ்ந்த ஆதன் என்ற சிறுவனைச் சந்திக்கிறான். ஆதன் என்ற பெயர் கீழடியில் கிடைத்த பானை ஓட்டுக் கீறலில் உள்ள பெயர்தான். கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. 2023இல் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து கீழடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது எல்லாப் பள்ளிகளுக்கும் இயலாது. சமூக அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து இந்நூலை எடுத்தால், பானை ஓட்டில் பெயர் கீறிய ஒருவனுக்கு முகமும் குரலும் கிடைத்துவிடும்.

இந்த வகை நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. வரலாறு, அறிவியல் ஆகியவற்றைச் சொல்வதற்காகவே எழுதப்படும் மாயக் கதைகளில் தகவல் கதையை விழுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. மாய எந்திரத்தில் ஏறிய சிறுவன் இறங்கிய இடத்திலெல்லாம் ஒரு பெரியவர் நின்று பத்தி பத்தியாகப் பாடம் நடத்தினால், அது மாயக் கதை ஆகாது. பாடநூலுக்கு மாட்டிய முகமூடி. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டு பக்கங்களை உரக்க வாசியுங்கள். பிள்ளைகள் "அப்புறம்?" என்று கேட்டால் அது கதை. கேட்காவிட்டால் நம் பாடமே போதும்.

ஏழு குட்டியும் இரண்டு காம்பும்

மாயம் எது, நடப்பு எது என்ற எல்லை எல்லாருக்கும் ஒரே இடத்தில் இல்லை என்பதை எனக்குக் காட்டியது பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. 2016இல் வந்த இந்நாவல் பெரியவர்களுக்கானது. முழுமையாக வகுப்புக்கு உரியதன்று. அதன் தொடக்கத்தை மட்டும் ஒன்பதாம் வகுப்பில் கதையாகச் சொன்னேன். ஓர் அந்திப் பொழுதில் ராட்சதனைப் போன்ற ஆள் ஒருவன் ஒரு கிழவரிடம் சின்னஞ்சிறு ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரே ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளில் அது ஒன்று.

ராட்சத ஆளை வகுப்பு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஏழு குட்டிகளை ஏற்கவில்லை. "ஏழா? எங்க ஆடு மூணு போட்டதுக்கே ஒண்ணு செத்துப்போச்சு டீச்சர்" என்றான் ஒருவன். "காம்பு ரெண்டுதானே டீச்சர், ஏழும் எப்படிக் குடிக்கும்?" என்று கேட்டாள் இன்னொருத்தி. ஆடு மேய்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதையின் பெரிய மாயம் ஏழு குட்டிதான். நகரத்து வாசகர் இந்த இடத்தைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருப்பார்.

அடுத்து, அந்த நாவலின் உலகில் ஆடுகளுக்குக் காது குத்திப் பதிவு செய்ய வேண்டும். அதிகாரிகள் முன் வரிசையில் நிற்க வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். விமரிசகர்கள் இதைக் கற்பனை என்றும் அரசியல் உருவகம் என்றும் படிப்பார்கள். என் மாணவர்களுக்கு அதில் வியப்பே இல்லை. கோமாரி நோய்த் தடுப்பூசி போடும்போது மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். "மாட்டுக்கு இருக்கு டீச்சர். ஆட்டுக்கும் வந்துடும் போல" என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்கத் தயாரானார்கள்.

நமக்குக் கற்பனையாகத் தெரிவது அவர்களுக்கு நடப்பு. நமக்கு நடப்பாகத் தெரியும் அடுக்குமாடி வீடும் மின்தூக்கியும் மலையூர்ப் பிள்ளைக்குப் பாதி மாயம். ஆகவே "இது நடக்காத கதை, வேண்டாம்" என்று சொல்வதற்கு முன், யாருக்கு நடக்காத கதை என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருந்துகிற அப்பாவும் மாயாஜாலம்தான்

இப்போது சமகால வாழ்க்கைக் கதைகளுக்கு வருவோம். இதில் ஆசிரியர்கள் தமக்காகப் படிக்க வேண்டிய நூலாக இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலைச் சொல்வேன். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய கதைகளில் பேசும் மனிதர்களின் மொழி நமக்கு அடுத்துள்ள விருத்தாசலம் வட்டார மொழி. விரும்பியவனை மணந்துகொண்ட, பொறியியல் படித்த பெண் ஒருத்தி தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடக்கிறாள். வெளியே குடும்பம் காத்திருக்கிறது. கையில் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தால் ஆவது ஒன்றுமில்லை. யார் சரி, யார் தவறு என்று ஆசிரியர் குறுக்கே வந்து தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நாமும் காத்திருக்கிறோம். படித்து முடித்தபோது, என் வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகளின் வீடுகளில் என்னென்ன பேச்சு நடக்கும் என்று நான் யோசித்தேன். பயிற்சி வகுப்புகளில் கிடைக்காத ஒன்று இது.

சிறார்களுக்கென்று எழுதப்படும் வாழ்க்கைக் கதைகள் பலவற்றில் இந்த நேர்மை இல்லை. ஒரே வார்ப்பில் வந்த கதைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அப்பா குடிக்கிறார். மகன் அழுகிறான், அல்லது கடிதம் எழுதி வைக்கிறான். கடைசிப் பத்தியில் "அன்று முதல் அப்பா குடியை அறவே விட்டார்" என்று கதை முடிகிறது. கீழே நீதி அச்சாகியிருக்கிறது.

என் பார்வையில், பேசும் மரப்பாச்சியைவிட இந்த அப்பாதான் பெரிய மாயாஜாலம். பொம்மை பேசாது என்பது பிள்ளைக்குத் தெரியும். அதனால் மரப்பாச்சியால் அவளை ஏமாற்ற முடியாது. ஒரே இரவில் திருந்தும் அப்பாவோ ‘உண்மைக் கதை’ என்ற பெயரில் வருகிறார். வீட்டில் அதே துன்பம் உள்ள பிள்ளை அதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாள்? கதையில் வருகிற பையன் அழுதான், அவன் அப்பா விட்டுவிட்டார். நானும் அழுதேன், என் அப்பா விடவில்லை. அப்படியானால் குறை என்னிடமா? இப்படி ஒரு பழியைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவைக்கும் கதைக்கு எத்தனை நீதி வாக்கியங்கள் சேர்த்தாலும் பயன் இல்லை.

எங்கள் மாவட்டத்தில் இது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தந்தையை இழந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். குடிநோயின் வலியை நாள்தோறும் காணும் பிள்ளைகள் மலையிலும் அடிவாரத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் முன் நாம் நீட்டும் கதை பொய் சொல்லக் கூடாது.

நேர்மையான கதை எப்படி இருக்கும்? அப்பா விட முயன்று, மறுபடியும் சறுக்கலாம். பிள்ளை தன் சுமையைப் பகிர்ந்துகொள்ள ஒரு பாட்டியையோ ஆசிரியரையோ கண்டடையலாம். அப்பா மாறாவிட்டாலும் பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்தாமல் இருக்கலாம். இவை சிறிய முடிவுகள்தான். ஆனாலும் பிள்ளையின் கைக்கு எட்டுபவை. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ இத்தனை ஆண்டுகளாக ஆசிரியர்கள் கையில் உயிரோடு இருப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கதை நம்மை ஆறுதல்படுத்தி அனுப்பவில்லை.

மலையின் கதைகள் எங்கே?

மலைப் பிள்ளைகள் வரும் கதைகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலும் அந்தப் பிள்ளை இரக்கத்துக்குரிய ஏழையாக வருகிறான். இல்லாவிட்டால் நகரத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியாக வருகிறான். கதையின் சிக்கல் அவனுடையதாக இருப்பது அரிது.

கல்வராயன் மலைக்குக் கதைப் பஞ்சம் இல்லை. காஞ்சியிலிருந்து புறப்பட்ட பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற அண்ணன் தம்பிகளின் வழியில் வந்தவர்களே மலையாளிப் பழங்குடி மக்கள் என்ற வாய்மொழி வரலாற்றை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார். நூறாண்டுக்கு முன் ஆங்கிலத்தில் அச்சேறிய அந்தக் கதையைப் பிள்ளைகள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் செய்யலாம். ஒவ்வொரு வீட்டிலும் கதை சற்று மாறி வரும். எது சரி என்று திருத்தாமல், எங்கே மாறுகிறது என்று பட்டியலிடச் சொன்னாலே வாய்மொழி இலக்கியப் பாடம் நடந்துவிடும்.

இன்னொரு பயிற்சியும் செய்து பார்த்தேன். ‘நம் ஊரில் நடக்கும் மாயக் கதை’ எழுத வேண்டும். ஒரே ஒரு மாயம்தான் அனுமதி. மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். கடுக்காய் பொறுக்கப் போனவளிடம் மரம் கணக்குக் கேட்ட கதை வந்தது. வெளிமாநிலத்துக்கு வேலைக்குப் போன அம்மாவின் குரலைச் சேர்த்துவைக்கும் சாமைக் குதிர் ஒன்று வந்தது. கடைசிப் பிள்ளை ஏறும்வரை எத்தனை முறை விசில் கொடுத்தாலும் நகராத பேருந்து ஒன்றும் வந்தது. அந்தப் பேருந்தைப் படித்தபோது, மலையிலிருந்து வரும் பிள்ளைகள் மழைக்காலத்தில் ஏன் விடுப்பு எடுக்கிறார்கள் என்பது வருகைப் பதிவேட்டைவிடத் தெளிவாக விளங்கியது.

வகுப்பறைக்குச் சில வழிகள்

ஒரு கதைநூலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் நான்கு:

1. மாயக் கதையானால், மாயத்தை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? தடையின்றி நின்றால், அந்த மாயம் வெறும் அலங்காரம்.
2. அந்த மாயத்துக்கு விதி உண்டா? நினைத்தபோதெல்லாம் நினைத்ததைத் தரும் மந்திரக்கோல் இருந்தால் கதையில் யாருக்கும் ஆபத்தே இல்லை.
3. வாழ்க்கைக் கதையானால், மாற்றம் எத்தனை பக்கங்களில் நடக்கிறது? கடைசிப் பத்தியில் மட்டும் என்றால் தள்ளி வைக்கலாம்.
4. கதையில் முடிவெடுப்பது பிள்ளையா, அறிவுரை சொல்லும் பெரியவரா?

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு வாசிப்பு இயக்க நூல்கள் கைகொடுக்கும். ‘நுழை, நட, ஓடு, பற’ என்று அவை படிநிலைப்படி பிரிக்கப்பட்டிருப்பதால், எட்டாம் வகுப்பு மாணவர் ‘நட’ நிலை நூலை எடுத்தாலும் கூச்சப்படத் தேவையில்லை என்ற சூழலை நாம்தான் உருவாக்க வேண்டும். ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களில் வரும் கதைகளையும் இதே நான்கு கேள்விகளோடு பிள்ளைகளே ஆராயலாம்.

பாடவேளையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடம் ஆசிரியர் உரக்க வாசித்து, கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்துவது. அடுத்த இருபது நிமிடம் பிள்ளைகள் இருவர் இருவராகத் தொடர்ந்து வாசிப்பது. கடைசிப் பத்து நிமிடம் பேச்சு. அந்தப் பேச்சில் "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்று மட்டும் கேட்க வேண்டாம், அந்தக் கேள்விக்கு விடைத்தாளில் எழுதும் விடையே வரும். "எந்த இடத்தை நீ நம்பவில்லை?" என்று கேளுங்கள். இரண்டு காம்பு, ஏழு குட்டி என்ற கணக்கு அந்தக் கேள்விக்குத்தான் கிடைக்கும்.

அடுத்த முறை நூல் தேர்வுப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது, ‘நீதிக்கதை’, ‘மாயக்கதை’ என்று அட்டையில் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசி இரண்டு பக்கங்களை முதலில் படியுங்கள். அந்தக் கதையில் வருவதைப் போன்ற துன்பம் உள்ள ஒரு பிள்ளையை உங்கள் வகுப்பிலிருந்து மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் கையில் அந்த முடிவைக் கொடுக்க உங்களுக்குத் தயக்கம் இல்லையென்றால், பொம்மை பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த நூலை வாங்கலாம்.